கேம்பலுக்கு மூன்றாம் ஓலை

காணிக்கைப் பை இன்னும் ஆண்கள் பக்கத்தைத் தாண்டவில்லை. அது தாண்டிப் பெண்கள் பக்கம் வந்து, கடைசி வரிசைவரைக்கும் போய்த் திரும்பி, சபைப் போதகரான ஐயர் அதை வாங்கி ஜெபித்துப் பீடத்தில் வைத்த பிறகுதான் அறிவிப்புகள். அறிவிப்புகளில் முதலில் கல்யாண ஓலை. அதுவரைக்கும் நேரம் கிடக்கிறது என்று சுகிர்தம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதற்கு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிப்பது கருணைபுரம் கோயிலில் அவளுக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து நடக்கிறதுதான். வாசித்துவிட்டு ஐயர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். யாரும் எழ மாட்டார்கள். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், பிறகு அடுத்த அறிவிப்பு. எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி வாசித்தபோது அந்த விசிறிச் சத்தத்துக்கு அவள் காது கொடுத்ததே இல்லை. சொந்த மகள் பேர் வாசித்த முதல் ஞாயிறுதான் தெரிந்தது அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று. போன ஞாயிறு அதைவிட அதிகம் ஓடியது. அந்த ஓட்டத்துக்குள் அவள் முழங்கால்கள் அவளைக் கேட்காமல் எழும்பப் பார்த்தன. ஆமாம், எழும்பத்தான் பார்த்தன. பெஞ்சு விளிம்பை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மூன்றாம் ஓலை. இன்றோடு கேட்கிறது முடிந்தது, இனிமேல் யாரும் யாரையும் கேட்கப் போவதில்லை. வியாழக்கிழமை கல்யாணம், அடுத்த வாரம் விமானம், பிள்ளை போய்விடும். ஆண்டவரே, என் முழங்காலைக் கட்டிப் போடும். இல்லை, கட்டிப் போடாதேயும். எது உமக்குச் சித்தமோ. சித்தம் எது என்று தெரியாமல்தானே இந்தப் பாடு.

ஜெமிமா மக்டனால்ட். டங்கன் கேம்பல். இரண்டு பேரையும் ஐயர் ஒரே மூச்சில் வாசிக்கும்போது இரண்டு கல்லை உரசினாற்போல அவளுக்கு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் வெள்ளைக்காரர்கள் என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வெள்ளைக்காரன்தான். பெண்ணோ தேரிச் செம்மணல் மேட்டின் நிறம். கருணைபுரத்தில் இந்தப் பேருக்கெல்லாம் யாரும் சிரிக்க மாட்டார்கள், இங்கே பாதி வீட்டுக்குப் பாதிரி பேர்தான். கிரகாம் ஞானமுத்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் டக்ளஸ் வீட்டு அக்கா கருப்பட்டி மிட்டாய் போடுகிறவள். அந்தப் பேர்களுக்கு ஏதாவது ஒரு தேசத்தில் சொந்தக்காரர்கள் உண்டு என்கிற நினைப்பே யாருக்கும் வந்ததில்லை. மக்டனால்ட் என்ற பேர் எப்படி வந்தது என்று கல்யாணமான புதிதில் மாமனார் சொல்லியிருக்கிறார். அவருடைய பாட்டனார் சுடலைக்கண்ணு ஞானஸ்நானம் வாங்கினபோது அண்ணன்மார், இனி எங்க அப்பன் பேரை உன் வாயால சொல்லக் கூடாது என்று விரட்டிவிட்டார்களாம். தகப்பன் பேர் பறிபோய் நின்ற ஆளுக்கு, இந்தா என் பேரை வச்சுக்கோ என்று தன் பேரையே தகப்பன் பேராகக் கொடுத்தவர் மக்டனால்ட் பாதிரியார். கொடுத்த மறு வருஷம் காலராவில் போய்விட்டார். கல்லறை கோயிலுக்குப் பின்னால் கிடக்கிறது. நல்ல மனுஷன் கொடுத்த பேர், குடை கொடுத்த மாதிரி கொடுத்த பேர் என்றுதான் இத்தனை வருஷம் அவள் நினைத்திருந்தாள். குடைக்கு மேலே யாருடைய ரத்தம் தெறித்திருக்கிறது என்று விரித்தா பார்க்கிறோம்?

ரத்தம் என்று நினைத்துவிட்டாள். கோயிலுக்குள் அந்த வார்த்தையை நினைக்கலாம், இயேசுவின் ரத்தம் என்று நினைக்கலாம், ஆனால் அவள் அதை நினைக்கவில்லை. ஆண்கள் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தாள். பார்த்தாள். அவள் 'அவ்வோ' என்று சொல்கிற அவள் வீட்டுக்காரர் யோவேல், அவருக்குப் பக்கத்தில் அந்தத் தம்பி டங்கன். முழங்கால் முன்பெஞ்சில் இடித்துக்கொண்டு, கழுத்தெல்லாம் வெந்து சிவந்து, பெரிய ஆள். கிளாஸ்கோவில் ஜெமிமா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு வருகிறவன். ஒற்றை ஆளாக முன்னாலேயே வந்துவிட்டான், தாய் தகப்பன் புதன்கிழமைதான் வருகிறார்கள். ஏன் முன்னாலேயே வரணும்? கேட்டால் ஜெமிமாவுக்குக் கோபம். "உங்களோட இருந்து பழகணும்னு அவனுக்கு ஆசைம்மா. ஓட்டல்ல தங்கச் சொன்னேன், மாட்டேன்னுட்டான்." வந்த முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அவ்வோளுக்கு மின்சார வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பேச ஆளில்லாமல் கிடந்து, இவன் கிடைத்ததும் ஒரே கும்மாளம். "நம்ம பேருல இருக்க மக்குன்னா அவங்க பாஷையில மகன்னு அர்த்தமாம் சுகிர்தம். பாத்தியா, நம்மகிட்ட இருந்துதான் தூக்கிட்டுப் போயிருக்கானுவ! ஏட்டி ஜெமி, கேம்பல்னா என்னன்னு கேளு." ஜெமிமா கேட்கவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கோண வாய்னு அர்த்தமாம்ப்பா" என்றாள். "யாருக்கு?" "எப்பவோ இருந்த ஒரு பாட்டனுக்கு." அந்தத் தம்பி புரிந்துகொண்டு, விரலைக் கடைவாயில் போட்டு ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தமும் சிரித்தாள். விரலை எடுத்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், அப்போதுதான் கண்டாள். விரல் இல்லாமலே வாய் இடது பக்கமாகத்தான் போனது. கொஞ்சம்தான். எத்தனை தலைமுறைக்கு முந்தின கோணல், அது இன்னும் இங்கே வந்து அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவள் வைத்த சாளை மீன் குழம்பைத் தின்றது. அதற்கப்புறம் அவன் ஜெமிமாவிடம் என்னவோ சொன்னான், இரண்டு பேரும் சிரித்தார்கள். "என்னவாம்?" "அது... அவங்கப்பா கேட்டாராம், மக்டனால்ட் வீட்டுல உன்னைப் படி ஏத்துவாங்களான்னு." "ஏத்தாம? ஏன் அப்படிக் கேக்காவ?" "அது பழைய கதைம்மா, அப்புறம் சொல்லுதேன், நீ குழம்பு ஊத்து." அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளி வைக்கிற கதை ஒருநாளும் நல்ல கதையாக இருந்ததில்லை. அவள் குழம்பு ஊற்றினாள். 

பை ஆண்கள் பக்கம் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. கதையை ஜெமிமா சொல்லவில்லை. குவைத்திலிருந்து கெர்சோம்தான் போனில் சொன்னான், மூத்தவன், எதையும் விளையாட்டாகவே பேசிப் பழகினவன். "எம்மா, மக்டனால்ட் வீட்டுக்குள்ள கேம்பலைத் தங்க வச்சிருக்கியளே, கதவைப் பூட்டிக்கிட்டுப் படுங்க." "என்னல சொல்லுத?" "உனக்குத் தெரியாதா? அது அங்க பேர் போன பகையாச்சே." பிறகு அவளாகவே துருவித் துருவிக் கேட்டாள், அவனும் பொழுது போகாமல் சொன்னான். முந்நூறு வருஷத்துக்கு முந்தி, மலைகளுக்கு நடுவில் கிளென்கோ என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே இருந்தது மக்டனால்ட் கூட்டம். புது ராஜாவுக்கு விசுவாசமாக இருப்போம் என்று குறித்த நாளுக்குள் சத்தியம் செய்யவேண்டும். அந்தக் கூட்டத்துத் தலைவர் கிழவர், சத்தியம் செய்யத்தான் போனார். போன இடத்தில் இங்கே இல்லை அங்கே போ என்றார்கள், வழியெல்லாம் உறைபனி, அங்கே போய்ச் சேருவதற்குள் நாள் தப்பிவிட்டது. சத்தியம் செய்தும் அது செல்லுபடியாகவில்லை. அதன் பிறகு ஒரு பட்டாளம் வந்தது, ஒரு கேம்பல் தலைமையில். பகையாக வரவில்லை, விருந்தாளியாக வந்தது. தங்க இடம் வேண்டும் என்றார்கள், வீட்டுக்கு வீடு பிரித்துத் தங்க வைத்தார்கள். உண்டார்கள், குடித்தார்கள், சீட்டு விளையாடினார்கள், ரெண்டு வாரத்துக்குக் கிட்டே. அப்புறம் ஒரு நாள் விடியுமுன்னால் எழுந்து, சோறு போட்ட வீட்டுக்காரர்களையே... "போதும்ல" என்றாள். "நீதானேம்மா கேட்ட? கேம்பல் மட்டுமில்ல, மேலிடத்துக் கட்டளை அது, அரசியல். ஆனா பேர் என்னமோ கேம்பலுக்குத்தான் ஒட்டிக்கிச்சு. இன்னைக்கும் அந்தப் பக்கம் ஒரு விடுதியில கேம்பல்களுக்கு இடமில்லைன்னு பலகை தொங்குதாம், சும்மா தமாசுக்கு." தமாசுக்கு. முந்நூறு வருஷம் கழித்தும் தமாசுக்காவது தொங்குகிறதே என்று அவள் கேட்கவில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம். அந்தப் பேச்சைத் தமிழில் வைத்திருக்கிறோம், ஆனால் அதைச் செய்தவனின் பேரை யாராவது பிள்ளைக்கு வைப்பார்களா, யூதாஸ் என்று யாராவது தொட்டிலில் கூப்பிடுவார்களா? அவர்கள் பேரை விடவில்லை. பெருமையாகப் பாஸ்போர்ட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். அதிலும் பாவம், அந்தத் தம்பி என்ன செய்வான், பேரைக் கழற்றிக் கொடியிலா தொங்கவிட முடியும்? ஒரு நிமிஷம் அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்த வழியாகவே பயமும் திரும்பி வந்தது. அந்த மக்டனால்ட் பெண்களும் இப்படித்தான் இரக்கப்பட்டிருப்பார்கள். பாவம் பனியில் வந்திருக்கிறான், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ தம்பி என்று.

இவன் வந்தும் ரெண்டு வாரத்துக்குக் கிட்டே ஆகிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சுகிர்தத்துக்குக் கல்யாண வேலையில் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். நேற்று விடியற்காலம் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மெல்ல, யாரையும் எழுப்பக் கூடாது என்று பார்த்துப் பார்த்து விலக்குகிற சத்தம். அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அவ்வோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் ஜெமிமா.  கர்த்தர் என் மேய்ப்பர் என்று ஆரம்பித்தாள், சின்ன வயதிலிருந்து எந்த இருட்டிலும் அவளைக் கரை சேர்த்த சங்கீதம். புல், தண்ணீர், பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று வந்ததும் கால் வைக்க யோசித்தாள். அதைத் தாண்டினால் பந்தி. சத்துருக்களுக்கு முன்பாக வைக்கிற பந்தி. அங்கே முள்ளில் சேலை மாட்டினதுபோல நின்றுவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், சத்துருக்கள் தள்ளி நின்று பொறாமையோடு பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். பந்தியிலேயே உட்கார்ந்து, இன்னொரு அகப்பை கேட்டு, வாயைக் கோணிக்கொண்டு சிரித்தால்? மேற்கொண்டு சொல்ல வராமல் எழுந்து போய்ப் பார்த்தாள். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அவன் முருங்கைக்குப் பக்கத்தில் நின்று, வெளுக்கிற வானத்தையும் தேரியையும் பார்த்துக்கொண்டிருந்தான், கையில் என்னவோ. பால் பாக்கெட். வாசலில் போட்டிருந்ததை எடுத்திருக்கிறான். அவளைக் கண்டதும் பதறி, "சாரி அம்மா, சாரி" என்று இரண்டு கையாலும் அதை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள், குளிர்ந்திருந்தது. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையில் நின்றபோது யாகேல் நினைவுக்கு வந்தாள், கேட்காமல் வந்தாள். ஞாயிறு பள்ளியில் படம் காட்டிச் சொல்லிக் கொடுப்பார்கள். தோற்று ஓடி வந்த சிசெரா யாகேலின் கூடாரத்துக்குள் தண்ணீர் கேட்டுப் போனான். பால் கொடுத்தாள், போர்த்திவிட்டாள், தூங்கினதும் கூடார ஆணியை எடுத்து நெற்றிப்பொட்டில் அடித்தாள். விருந்தாளி செய்த ரெண்டகம் இல்லை அது, விருந்து வைத்தவள் செய்தது. வேதம் அவளை வாழ்த்துகிறது. சின்ன வயதில் கை தட்டியிருக்கிறோம். யாருக்காவது அன்றைக்கு சிசெராவின் தாயை நினைக்கத் தோன்றியதா? அவளும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, என் மகன் வர ஏன் தாமதம் என்று நின்றாள் என்று அதே வேதத்தில் இருக்கிறது. காப்பியில் சர்க்கரை போட்டோமா என்று சந்தேகம் வந்தது. போய்க் கேட்க பாஷை இல்லை. அவன் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைத்தான். கழுவி வைக்கிறானே என்றும் பயந்தாள்.

"சுகிர்தம்." டக்ளஸ் வீட்டு அக்கா தோளால் இடித்தாள். "உங்க மாப்பிள்ளை பாட்டுக்கு வாய் அசைச்சாரே, தமிழ் வந்துட்டோ?" "மெட்டு அவங்க ஊரு மெட்டாம்க்கா. ஜெமி சொன்னா." "அது சரி. நம்ம அவங்க மெட்டுல பாடுதோம், அவங்க நம்ம சாளைக் குழம்பு திங்காவ. சம்பந்தம் முடிஞ்சு போச்சு, இனி ஓலை எதுக்கு?" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். சுகிர்தமும் உதட்டை விரித்தாள். பை வந்துவிட்டது. கையில் சுருட்டி வைத்திருந்ததைப் போட்டுவிட்டு இடது பக்கம் ஜெமிமாவிடம் கொடுத்தாள். மகளின் விரல் பட்டது, சூடாக இருந்தது. மகளுக்குப் பயமில்லை. போன ஞாயிறு கோயில் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், எல்லாம் தெரிந்துகொண்ட குரலில். "நீ பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததைப் பாத்தேன்மா. எழும்பப் போறியோன்னு நெஞ்சு நின்னு போச்சு. என்னம்மா தடை உனக்கு? நிறமா? ஊரா?" "ஒண்ணுமில்லட்டி." "அண்ணன் சொன்ன கதைதானே? அவனைப் பாத்துக்கிடுதேன், இரு. எம்மா, நம்ம மக்டனால்டே இல்லம்மா. நமக்குக் கொடுத்த பேர் அது. சுடலைக்கண்ணு வாரிசுக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் என்ன?" "பேரை எடுத்துக்கிட்டா அதோட வாரதையும் எடுத்துக்கத்தானே வேணும்? வீட்டை வாங்கிட்டுக் கிணத்தை மட்டும் வேண்டாம்பியா?" எப்படி அந்தப் பதில் வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். ஜெமிமா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நான் வியாழக்கிழமையோட கேம்பல். அதோட வாரதையும் நான்தான் எடுத்துக்கணும். நான் உன் வீட்டுக்கு வந்தா பூட்டிக்கிட்டுப் படுப்பியா?" வெங்காயம் உரித்த கண், இரண்டு பேருக்கும் தண்ணீர். யாருடையது எதனால் என்று தெரியவில்லை.

ஜெமிமா கேம்பல். பெற்று, பால் கொடுத்து, அம்மைக்கு வேப்பிலை போட்டுக் காத்த பிள்ளை, கையெழுத்துப் போடும்போது அந்தப் பேரைப் போடும். அவளும் ஒரு காலத்தில் பேர் மாறினவள்தானே. யோபு வாத்தியார் மகள் சுகிர்தம் என்று இருந்தவளை ஒரே நாளில் மக்டனால்ட் வீட்டு மருமகள் என்றார்கள். கூப்பிட்டது யாரையோ என்று கொஞ்ச நாள் திரும்பாமலே இருந்தாள். அவளுடைய அம்மாவும் அப்போது பயந்திருப்பாள். கேட்டதில்லை, கேட்க ஆள் இல்லை. ஆனால் அது அடுத்த தெருவிலிருந்த பயம். அழுதால் மதில் தாண்டிக் கேட்கும். இது கடல் தாண்டின பயம். பயத்துக்குக் காரணம் பேர் இல்லை, பகை இல்லை, அந்தப் பள்ளத்தாக்கும் இல்லை, அவள் அவற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். சர்ச்சுத் தெரு ஹெப்சிபா மகளை நம்ம ஜனத்திலேயே, நம்ம சபையிலேயே பார்த்துக் கனடாவுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பேர் கிறிஸ்துதாஸ், அதில் எந்த ரத்தமும் இல்லை. முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் ஞாயிறுக்கு ஞாயிறு. அப்புறம் நல்லா இருக்கேம்மா என்ற ஒரே வார்த்தை, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு அவசரம். என்ன நடக்கிறது என்று இன்றைக்கு வரைக்கும் ஹெப்சிபாவுக்குத் தெரியாது. ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் சொல்லும்போது மகளுக்காக என்பாள், என்ன வேண்டும் என்று சொல்லமாட்டாள், அவளுக்கே தெரியாது. அதுதான். கத்தியோடு வருகிறவனைப் பார்த்துவிடலாம். நல்லா இருக்கேன் என்கிற குரலுக்குப் பின்னால் நிற்கிறவனை எப்படிப் பார்ப்பது? பனி பெய்கிற ஊரில் கதவெல்லாம் சாத்தித்தான் இருக்குமாம், சத்தம் வெளியே வராதாம். நர்ஸ் வேலைக்குப் போய் முதல் தடவை வந்தபோதே பிள்ளையின் தும்மல்கூட மாறியிருந்தது. ஆண்டவரே, பயப்படாதே என்று நீர் வேதம் முழுக்கச் சொல்லியிருக்கிறீரே, அவ்வளவு தடவை ஏன் சொன்னீர்? பயப்பட இருப்பதால்தானே சொன்னீர்?

பை பீடத்துக்குப் போய்விட்டது. ஐயர் ஜெபித்ததும், எல்லோரும் ஆமென் சொன்னதும் அவள் காதில் விழவில்லை. கண்ணாடி மாட்டும்போது சட்டத்தில் வெளிச்சம் பட்டு மின்னியது, அதைக் கண்டாள். "விவாக அறிவிப்பு. மூன்றாம் முறை" என்றார் ஐயர். "நமது சபையைச் சேர்ந்த திரு. யோவேல் மக்டனால்ட், திருமதி சுகிர்தம் ஆகியோரின் குமாரத்தி ஜெமிமா மக்டனால்டுக்கும், ஸ்காட்லாந்து தேசம், கிளாஸ்கோவைச் சேர்ந்த திரு. ஆலன் கேம்பல், திருமதி மார்கரெட் ஆகியோரின் குமாரன் டங்கன் கேம்பலுக்கும்..." மார்கரெட். அந்தத் தாய்க்கு ஒரு பேர் உண்டு என்று இன்றைக்குத்தான் காதில் ஏறியது. முந்தின இரண்டு ஞாயிறும் அந்தப் பேர் எங்கே போயிற்று? மார்கரெட்டும் இப்போது எங்கேயோ பெட்டி கட்டிக்கொண்டு, தெரியாத ஊரில் தெரியாத வீட்டில் என் பிள்ளை என்னத்தைத் தின்கிறானோ என்று... ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார். விசிறிச் சத்தம் தொடங்கியது. அவள் பெஞ்சு விளிம்பைத் தேடினாள். கைக்கு அகப்படவில்லை, கைக்குட்டைதான் அகப்பட்டது. பார்த்தால் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலை வகிடெல்லாம் தெரிந்தது. ஏன் தெரிகிறது என்று யோசித்தாள். நின்றுகொண்டிருந்தாள்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். வகிடுகள் மறைந்து முகங்களாக மாறின. ஜெமிமா அவளுடைய முந்தானையைப் பிடித்தாள், இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தாள். ஐயர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "சொல்லுங்கம்மா" என்றார். குரல் கடுமையாக இல்லை, அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. சொல்ல என்ன இருக்கிறது? கோண வாய் என்று சொல்வதா? டம்ளர் கழுவுகிறான் என்று சொல்வதா? பட்டாளம் வந்தது என்றா? அந்த நேரம் ஆண்கள் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. அந்தத் தம்பி எழுந்து நின்றான். அவ்வோ அவன் சட்டை நுனியைப் பிடித்து, "உக்காருப்பா, உக்காரு, இது வேற" என்று அடிக்குரலில் பேசுவது கோயில் முழுக்கக் கேட்டது. அவன் உட்காரவில்லை. பாட்டுப் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நேராக அவளைத்தான் பார்த்தான். கோபம் இல்லை, கேள்விகூட இல்லை. சரியாகத்தான் செய்கிறேனா என்கிற பார்வை. "நான்தாம்மா சொன்னேன்." ஜெமிமாவின் குரல் கீழேயிருந்து கரகரத்து வந்தது. "கோயில்ல எப்ப எழும்பணும், எப்ப உக்காரணும்னு தெரியாம முழிச்சான். அம்மாவைப் பாத்துக்கோ, அம்மா செய்யுததைச் செய்னு சொல்லியிருந்தேன்." அப்படியென்றால் வந்த முதல் ஞாயிறிலிருந்து, அவள் அவன் பக்கம் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த நேரமெல்லாம், அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். தன்னை விரட்டச் சொல்லி எழுந்தவளைப் பார்த்து அவனும் எழுந்திருக்கிறான். கோயிலே அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அதையும் பார்த்துச் செய்வான் போல, என்னவென்று தெரியாமலே தலையை ஆட்டுவான்.

"தடை ஒண்ணும் இல்ல, ஐயரே." யாருடைய குரலோ மாதிரி வந்தது. நிறுத்திவிடலாம் என்று பார்த்தாள், வாய் நிற்கவில்லை. "பயம்தான் இருக்கு."

பின்னால் இரண்டொருவர் சிரித்தார்கள். டக்ளஸ் வீட்டு அக்கா, "எல்லாத்துக்கும்தான் இருக்கு, உக்காரு தாயி" என்று முனகினாள். ஐயர் சிரிக்கவில்லை.  "பயத்துக்கு இதுல இடம் வைக்கலம்மா" என்றார். "வச்சிருந்தா இந்தக் கோயில்ல ஒரு கல்யாணமும் நடந்திருக்காது." அதுவும் சரிதான். சொன்னதால் பயம் போய்விடவில்லை. போகவே இல்லை, நெஞ்சுக்குழியில் அதே இடத்தில் அதே கனத்தில் இருந்தது. இனிமேல் எத்தனை வருஷம் போன் அடிக்கும்போதெல்லாம் எழும்பும் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் நின்றுகொண்டிருந்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்காமல், எல்லா முகமும் தன்னைப் பார்க்கிறதே என்று காது சிவந்து, அப்படியும் அவளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அவள் உட்காரும்வரை உட்கார மாட்டான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "உக்காருங்க தம்பி" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. அவள் உட்கார்ந்தாள். பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.